ரெங்கம்மாவுக்கு விழுந்த சொல்

தண்ணீர் கொட்டுகிற பீலித் தொட்டியில் விழுந்த போன் அடியைத் தொடுவதற்கு முன்பே செய்தி மேல் லயத்து வீடுகளைத் தொட்டுவிட்டது. துணி துவைக்கிற கல்லுக்கடியில் கையை விட்டு நான் துழாவிக்கொண்டிருக்கிறேன். மேலேயிருந்து பூங்காவனம் அக்கா கத்துகிறாள்.

"ஏ ராணி, பெட்டி முங்கிப்போச்சாமே!"

"முங்குனது போன்! பெட்டி முங்கல!" என்று நானும் கத்தினேன்.

இந்த வித்தியாசத்தை எங்கள் கூட்டத்துப் பன்னிரண்டு பெண்களுக்கும் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். போன் என்பது பெட்டியைப் பார்க்கிற ஜன்னல். ஜன்னல் உடைந்தால் பெட்டிக்குள் இருக்கிற காசு எங்கும் போகாது என்பேன். ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டுவார்கள். மறுநாள் யாராவது ஒருத்தி வந்து, "ராணி, போன சார்ஜ்ல போடாதே, காசு சூடாயிரும்" என்பாள்.

என் பெயர் கலாராணி. கல்யாணத்துக்கு முன்னால் பதுளை பஸாரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டும், ரீலோட் போட்டுக்கொண்டும் இருந்தேன். தயாபரனைக் கட்டிக்கொண்டு நமுனுகுல மலைக்கு வந்தபிறகு, தோட்டத்தில் யாருக்குப் போன் மக்கர் பண்ணினாலும் என் வீட்டுக் காம்பராவுக்குத்தான் வருவார்கள். அப்படித்தான் இந்தப் பெட்டியும் என் தலையில் விழுந்தது. கோபக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மைதான். ஆனால் கள்ளி என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பெயரும் கிடைக்க இருந்தது.

முதலில் பெட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கைவிட்டுக் காடாகிப்போன ஒரு துண்டு மலையை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து அதை வெட்டித் துப்பரவாக்கி, கொழுந்து பறித்து, பாயில் போட்டுக் கையாலேயே உருட்டிக் காய வைத்தார்கள். நமுனுகுல உச்சிக்கு ஏறப்போகிற வெள்ளைக்காரர்கள் வழியில் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மயங்கிப் போனார்கள். ஜெர்மனியில் ஒருவர், கனடாவில் ஒருவர், கொரியாவில் ஒரு அம்மா என்று மூன்று பேர் நிரந்தரமாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கொஞ்சக் காசை பேங்க் வழியாக அனுப்பினால் வழியிலேயே பாதி கரைந்துவிடுகிறது என்று அந்த ஜெர்மன்காரர்தான் இந்தக் கிரிப்டோ பெட்டியை என் போனில் போட்டுக் காட்டினார். டொலர் விலையிலேயே நிற்கும் ஒரு டிஜிட்டல் காசு அதில் வந்து விழும்.

அந்தப் பெட்டிக்குத் துரையும் கிடையாது, கிளாக்கரும் கிடையாது. சாவி தொலைந்தால் போய் அழுவதற்கு ஒரு ஒபீஸும் கிடையாது. சாவி என்பது பன்னிரண்டு இங்கிலீஷ் சொல். பெட்டியே பொறுக்கித் தரும். எந்தப் போனிலும் அந்தச் சொற்களை அதே வரிசையில் அடித்தால் பெட்டி திறந்துவிடும். ஒரு சொல் இடம் மாறினாலும் திறக்காது.

இதை நான் விளக்கியது தைப்பொங்கல் சமயத்தில். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ரெங்கம்மா அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாஞ் சரி. நீ நாளைக்கி மண்டையப் போட்டுட்டா?"

ரெங்கம்மா அக்கா அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் அவள் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. அவள் கூடை நிறையும்போது மற்றவர்கள் கூடையில் அடி மறைந்திருக்காது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

"அதுக்குத்தான் இந்தப் பன்னிரண்டு சொல்லுங்கறேன். சொல்ல எழுதி வச்சுக்கிட்டா, நான் செத்தாலும் நீங்க தொறக்கலாம்."

"எழுதி எங்க வைக்கிறது? ஓங் காம்பராவுலயா? போனும் நீ, சொல்லும் நீன்னா நாங்க எதுக்குடி?"

நியாயம்தான். அவள் காம்பராவில் வைக்கலாம் என்றால் அவள் புருஷன் மேல் யாருக்கும் நம்பிக்கையில்லை. கோயிலில் வைக்கலாம் என்றால் எலி. ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் ரெங்கம்மா அக்காவே தீர்ப்புச் சொன்னாள்: ஆளுக்கு ஒரு சொல். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் என்பதற்கு எங்கள் நிரைதான் கணக்கு.

மலையில் கொழுந்தெடுக்கும்போது தேயிலைச் செடிகளுக்கு இடையில் ஆளுக்கு ஒரு நிரை பிடிப்பார்கள். இந்தப் பன்னிரண்டு பேருக்கும் பல வருஷமாக ஒரே வரிசை. தண்ணீர் ஓடும் கான் ஓரத்து முதல் நிரை ரெங்கம்மா அக்காவுக்கு. கடைசி நிரை பூங்காவனம் அக்காவுக்கு. செடி கட்டையாக இருக்கிறது, அட்டை கடிக்கிறது என்று யாராவது நிரை மாறப் பார்த்தால் முருகையா கங்காணி மலை அதிரக் கத்துவார், "கெடச்ச நெரையில நில்லுங்கடி!" என்று. ஆகவே வரிசையை யாரும் மறக்க வழியில்லை.

போன் வைத்திருக்கிறவள் சொல்லைப் பார்க்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பார்த்து எழுதியது என் வீட்டுக்காரர். அவருக்குக் கல்யாண நாளே ஞாபகம் இருக்காது, பன்னிரண்டு இங்கிலீஷ் சொல்லா இருக்கப் போகிறது என்று எல்லோரும் ஒரே மனதாக அவரை ஏற்றுக்கொண்டார்கள். அவர் பன்னிரண்டு துண்டுக் கடதாசியில் எழுதி மடித்து, நிரை வரிசைப்படி சுளகில் அடுக்கி வைத்தார். அவளவள் தன் இடத்திலிருந்ததை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் பிள்ளைகளிடம் படிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்துவிட்டு அடுப்பில் போட்டாள். பாக்கியம் அக்கா மட்டும் மறந்துவிடுமோ என்று பயந்து, தன் சொல்லையே ஆட்டுக்குட்டிக்குப் பெயராக வைத்துவிட்டாள். சாயங்காலமானால் "ரெபிட்! ரெபிட்!" என்று லயம் முழுக்கக் கூப்பிடுவாள். ஆட்டுக்கு முயல் என்று பெயர் வைக்கிற ஊரில் நான் ரகசியத்தைக் காப்பாற்றிக் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு மாற்றம். ரெங்கம்மா அக்கா என் காம்பராவில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டாள். கூட்டத்துக்கு வருவாள், கணக்குக் கேட்பாள். தேத்தண்ணியை நீட்டினால் "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்பாள். நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் கணக்குக் கேட்டு ஒரு சண்டை போட்டோம்தான், ஆனால் அது அன்றைக்கே முடிந்த சண்டை. கேட்கவும் ரோஷம் விடவில்லை. எனக்கு அது உள்ளூர வலித்துக்கொண்டேதான் இருந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்று போன் விழுந்ததுதான் பெரிய அநியாயம். ஏனென்றால் அன்று மத்தியானம்தான் ஹஸீப் நானா லொறியில் மெஷினைக் கொண்டுவருவதாக இருந்தது.

கொரியா அம்மா பெரிய ஓடர் ஒன்று கொடுத்திருந்தாள். கையால் உருட்டி அதை முடிப்பதென்றால் பன்னிரண்டு பேருடைய மணிக்கட்டும் கழன்றுவிடும். பதுளை பஸாரில் பழைய மெஷின் வாங்கி விற்கிற ஹஸீப் நானாவிடம் சின்னத் தேயிலை உருட்டும் மெஷின் ஒன்று இருந்தது. துபாயில் இருக்கிற அவருடைய மருமகன் மபாஸ் மூலம் அவர் சாமான் இறக்குவது இந்தக் காசில்தான். அதனால் எங்கள் பெட்டிக் காசையே வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் அப்புத்தளையில் ஒருவர் அதே மெஷினுக்குக் கைக்காசோடு காத்திருந்தார். "ஞாயித்துக்கெழம காசு வரலன்னா லொறி நேரா அப்புத்தளைக்குத்தான் போகும், தங்கச்சி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

போனை அரிசி மூட்டைக்குள் புதைத்துப் பார்த்தோம். அரிசி நனைந்ததுதான் கண்ட பலன். தயாபரனின் போனைப் பிடுங்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் படிக்கு ஓடினேன். எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். பெட்டியைப் புதிதாக இறக்கி முடிப்பதற்குள் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். லொறியும் வந்துவிட்டது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிய மெஷின். ஹஸீப் நானா இறங்கி வந்து மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா தங்கச்சி, சனம் சேந்து நிக்கிது? திருவிழாவா?"

"ஒரு அஞ்சு நிமிசம் நானா. சாவி போட்டுத் திறந்துர்றேன்."

ஒவ்வொருத்தியும் நிரை வரிசையில் வந்து என் காதில் தன் சொல்லைச் சொன்னாள். முதலில் ரெங்கம்மா அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் "குயிக்" என்றாள். அடுத்தவள் "அன்யன்". அதற்கடுத்தவள் அங்கிள். பாக்கியம் அக்காவை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, ஆடு பின்னாலேயே வந்திருந்தது. கடைசியில் பூங்காவனம் அக்கா வெற்றிலை மணக்க மணக்கக் குனிந்து "லேஸி" என்றாள். பன்னிரண்டையும் அடித்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பட்டனைத் தட்டினேன்.

சொல் தவறு என்றது.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தேன். தவறு. தயாபரனிடம் எழுத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு அடித்தேன். தவறு.

"என்னங்க, நீங்கதானே எழுதுனீங்க! மொதச் சொல்லு என்னா? அதையாவது சொல்லுங்க!"

"எழுதுனேன் ராணி," என்றார் அவர் பாவமாக. "நல்ல எழுத்தாத்தான் எழுதுனேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது? எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டேன். சொல்லை யாராவது மறந்துவிட்டீர்களா? இல்லை. யாராவது வரிசை மாறி நிற்கிறீர்களா? இல்லவே இல்லை. நாங்க என்னா சின்னப் பிள்ளையளா என்று ஆளாளுக்கு என்மேல் பாய்ந்தார்கள். லொறி ட்ரைவர் சும்மா ஒருதரம் ஹோன் அடித்தான். அந்தச் சத்தத்தில்தான் கூட்டத்தில் ஒருத்தியான அஞ்சலை அந்த வார்த்தையைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"போன் தண்ணியில விழுந்துச்சா, இல்ல பெட்டி காலின்னு தெரிஞ்சு போட்டாங்களா? யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "ஏன்டீ, எவ வீட்டுச் சட்டியையாவது நான் நக்கிப் பார்த்திருக்கேனா? நாங் கொமியுனிகேஷன்ல கல்லாவுல இருந்தவ! அங்க எடுக்காதவ இங்க வந்தா எடுப்பேன்?" என்று கத்தினேன். கத்திய பிறகு கண் நிறைந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இன்றைக்கு இது திறக்காவிட்டால் மெஷின் போவதோடு முடியாது. கலாராணி காசைத் தின்றுவிட்டாள் என்பது என் பிள்ளைகள் காலத்திலும் இந்த லயத்தில் நிற்கும்.

கோபத்தில் படியில் உட்கார்ந்து சொற்களை ஒவ்வொன்றாக முறைத்தேன். வெங்காயம், மாமா, குடை, முயல். அந்த இழவுப் பெட்டிக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா? அஞ்சலைக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம்? பாக்கியம் அக்காவுக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம்? பெட்டி ஆளைப் பார்த்தா சொல் கொடுக்கிறது? குருட்டாம்போக்கில்தானே...

என் நினைப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஆளைப் பார்த்துக் கொடுக்காத பெட்டி, தோட்டத்திலேயே வேகமான கைக்காரிக்கு 'வேகம்' என்று கொடுத்திருக்கிறது. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குத் தினமும் கடைசியாக ஆடி அசைந்து வருகிற பூங்காவனம் அக்காவுக்குப் பார்த்துப் பார்த்து 'சோம்பேறி' என்று கொடுத்திருக்கிறது. மற்ற பத்துப் பேருக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. இந்த இரண்டு பேருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை.

தலையைத் தூக்கி ரெங்கம்மா அக்காவைப் பார்த்தேன். அவள் கானையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டேன்.

"அக்கா, ஒங்களுக்கு மொதல்ல விழுந்தது வேற சொல்லா?"

அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"ஆமாடி!" என்று வெடித்தாள். கோயில் மணியே அதிர்ந்திருக்கும். "சோம்பேறின்னு விழுந்துச்சு! எனக்கு! இந்த ரெங்கம்மாவுக்கு! தர்மிளா படிச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா, பெத்த மக! பொங்கலுக்கு மொத நாளு கணக்குக் கேட்டு ஒன்னோட சண்ட போட்டேன்ல, அந்தக் கோவத்துல புருசங்காரன விட்டு வேணும்னே எழுத வச்சிருக்கேன்னு நெனச்சேன். என்னா கோவம் இருந்தாலும் என்னிய சோம்பேறிங்கலாமா நீ? அன்னைக்கி அடிபட்ட மனசு, ஒங்க வீட்டுத் தண்ணிகூட எறங்கல எனக்கு."

இவ்வளவுதானா? இதற்காகவா பொங்கலிலிருந்து ஒரு மடக்குத் தேத்தண்ணி குடிக்காமல் இருந்தாள்?

"அடி அக்கா! நான் அந்தக் கடதாசியக் கண்ணாலயும் பாக்கலையே! சொல்லு கொடுத்தது பெட்டி. அதுக்கு நீங்க யாரு, நான் யாருன்னா தெரியும்?"

"அது இப்பத்தான்டி வெளங்குது," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நீ திட்டுற மாதிரி இருந்தா நேராவே திட்டுவ. அது எனக்கு அன்னைக்கே தோணல பாரு."

இதற்குள் பூங்காவனம் அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக நடந்து வந்தாள்.

"அன்னைக்கிச் சாயங்காலம் வந்து எனக்கு என்னா விழுந்துச்சுன்னு கேட்டுச்சு ராணி இந்த ரெங்கம்மா. 'சொல்லு மாறிப்போச்சு, ஒன்னோடது ஏங்கிட்ட வந்திருக்கு, என்னோடது ஒங்கிட்ட வந்திருக்கு, குடு'ன்னுச்சு. நானும் யோசிச்சேன். எனக்குன்னு படிச்சுச் சொன்னது வேகம்னு. எனக்கும் வேகத்துக்கும் என்னா இருக்கு? சரிதான், மாத்தித்தான் எழுதிட்டாங்கன்னு குடுத்துட்டேன்."

"ஒங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையா? சோம்பேறிங்கறதுக்கு?"

"இருக்குறதத்தானே சொல்லியிருக்கு!" என்றாள் அவள்.

அஞ்சலைதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரெங்கம்மா அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முதல் நிரையில் 'லேஸி', கடைசி நிரையில் 'குயிக்' என்று மாற்றி அடித்தேன். பெட்டி திறந்தது.

திறந்த பெட்டியில் பெரிய சைபர்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு பேரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாதவளுக்கும் சைபர் தெரியும்.

"காலி," என்றாள் அஞ்சலை.

ஹஸீப் நானா தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அப்ப நான் லொறியத் திருப்பவா?"

"நில்லுங்க நானா!" என்றது நான் அல்ல. ரெங்கம்மா அக்கா எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "ராணி தின்னுருக்க மாட்டா. பொங்கலுக்கு நெனச்ச தப்பயே நான் இப்பத்தான் கழுவிக்கிட்டு நிக்கிறேன், அடுத்த தப்ப எவளாவது நெனச்சீங்க, தெரியும் சேதி! நீ பாருடி. நல்லா நிதானமாப் பாரு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது. நிதானமாகப் பார்த்தேன். பெட்டியின் முகவரி மேலே தெரிந்தது. ஜெர்மன்காரருக்கு எத்தனையோ முறை அனுப்பியதில் அதன் கடைசி எழுத்துகள் எனக்கு மனப்பாடம். அதே முகவரிதான். வீடு சரி. அப்படியானால் காசு?

அப்புறம்தான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். புதுப் போன்! புதுப் போனில் இறக்கிய பெட்டி தலைமை நெட்வொர்க்கை மட்டும் காட்டுகிறது. அங்கே எங்களுக்குக் காசு வந்ததே கிடையாது. ஜெர்மன்காரர் அனுப்புவது பாலிகன், கனடாக்காரர் அனுப்புவது பேஸ், கொரியா அம்மா அனுப்புவது ஆர்பிட்ரம். அவரவருக்கு எந்த நெட்வொர்க் மலிவோ அதில் அனுப்புகிறார்கள். பழைய போனில் அந்த மூன்றையும் நான்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"காலி இல்லக்கா! இப்ப ஒரு ஆளு மேக் கணக்கு டிவிசன்ல ரெண்டு நாள், கீக் கணக்கு டிவிசன்ல ரெண்டு நாள் வேலைக்குப் பேர் போடுறான்னு வைங்க. ஆளு ஒண்ணுதான், பேரும் ஒண்ணுதான். ஆனா மேக் கணக்குச் சம்பளத்தக் கீக் கணக்குல போய்க் கேட்டா இருக்குமா?"

"எப்படி இருக்கும்? அந்த டிவிசன்லதான் இருக்கும்," என்றாள் பாக்கியம் அக்கா.

"அதேதான். நான் வேற கணக்குல பாத்துக்கிட்டு இருக்கேன்."

பாலிகனைத் தட்டினேன். ஜெர்மன்காரர் காசு வந்து நின்றது. பேஸைத் தட்டினேன். கனடாக்காசு. ஆர்பிட்ரத்தைத் தட்டினேன். கொரியா அம்மாவின் முன்பணம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் பெண்கள் "ஆஆ" என்றார்கள். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஹஸீப் நானாவுக்கு முதல் இரண்டு காசும் போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது நகர மறுத்தது. ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் காசை அனுப்ப, அங்கே செல்லுகிற நாணயத்தில் ஒரு துளி கூலி கட்டவேண்டும். பாலிகனிலும் பேஸிலும் கொஞ்சம் போட்டு வைத்திருந்தேன், ஆர்பிட்ரத்தில் ஒன்றுமேயில்லை.

"மத்த ரெண்டுல இருக்குறத எடுத்துக் கட்டேன்," என்றாள் ரெங்கம்மா அக்கா.

"பதுளை பஸ் டிக்கட்டக் காட்டி ரயில்ல ஏற விடுவானாக்கா?"

ஹஸீப் நானா சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்தார். "இந்தா, நான் போடுறன். ஒரு தேத்தண்ணிக் காசு வராது. மெஷின் விக்கிறதுக்கு நானே கூலி கட்டுற ஆளாப் போய்ட்டன்." அவர் போட்ட துளி வந்தது, காசு நகர்ந்தது, அவர் போன் மூன்றாவது தரமும் சத்தம் போட்டது. அவர் லொறியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எறக்குங்கடாப்பா!"

மெஷினை இறக்கியது ஒரு கல்யாணம். லயத்து ஆண்கள் முழுப்பேரும் வந்து கயிறு பிடித்தார்கள். முருகையா கங்காணி வேலை எதுவும் செய்யாமல் கட்டளை மட்டும் போட்டார். ரெங்கம்மா அக்கா மெஷினுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். பூங்காவனம் அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இனிமே இது பாத்துக்கும்" என்று காலை நீட்டிக்கொண்டாள்.

எனக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பன்னிரண்டு சொல்லும் இப்போது என் காதில் விழுந்துவிட்டது. போனும் என் கையில், சொல்லும் என் தலையில். நாளைக்கு ஒரு சதம் குறைந்தாலும் மறுபடி என் பெயர்தான் உருளும். அடுத்த ஞாயிறு எல்லோரையும் என் காம்பராவுக்குக் கூப்பிட்டேன். புதுப் பெட்டி, புதுச் சொல், மிச்சமிருக்கிற காசை அதற்கு மாற்றிவிடுவோம் என்றேன். என்னை மறுபடி வெளியே அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் மறுபடி நல்ல எழுத்தாக எழுதினார். சுளகு, நிரை வரிசை, எல்லாம் பழையபடிதான்.

எடுப்பதற்கு முன்னால் நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்: "ரெங்கம்மா அக்கா, புடிக்காத சொல்லு விழுந்தா இப்பவே சொல்லிருங்க. பட்டனத் தட்டுனா வேற பன்னிரண்டு வரும்."

"வேணாம்," என்றாள். "வந்தது வரட்டும்."

இந்த முறை தர்மிளாவையும் கூடவே கூட்டி வந்திருந்தாள். மூலையில் வைத்துத் தாளைப் பிரித்து நீட்டினாள். தர்மிளா படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் காதில் சொன்னாள். ரெங்கம்மா அக்காவின் முகம் சிவந்தது, மூக்கு விடைத்தது. கடவுளே, இந்தத் தடவை என்ன விழுந்து தொலைத்ததோ என்று எனக்குப் பக்கென்றது. அவள் தாளைக் கசக்கி என் அடுப்பிலேயே போட்டாள்.

பூங்காவனம் அக்கா அப்போதுதான் அசைந்து அசைந்து அவளிடம் போனாள். "ஏ ரெங்கம்மா, எனக்கு வந்தது வாயில நொழையவே மாட்டேங்குது. ஒன்னோடதையும் ஒனக்குப் புடிக்கல போல இருக்கே. மாத்திக்குவமா?"

"கெடச்ச நெரையில நில்லுடி!"

அந்தக் கத்தலில், வெளியே பாதையில் போய்க்கொண்டிருந்த முருகையா கங்காணியே திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

ரெங்கம்மா அக்கா அதே சூட்டோடு என் பக்கம் திரும்பினாள். எனக்கும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அவள் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னாடி பாக்குற? பொங்கலுக்குப் பொறகு இந்த வீட்டுல ஒரு வாய் குடிச்சேனா? தேத்தண்ணி ஊத்து," என்றாள்.

பெரிய கோப்பையில் ஊற்றினேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.